வாயில்லா ஜீவன்களின் வாய்நலம்

நாயையும் பூனையையும் வாயில்லா ஜீவன்கள் என்று நம் பெரியோர் இரக்கத்தோடு குறிப்பிடுவர். தம் துன்பத்தை எடுத்துச் சொல்ல மொழியில்லாதவை என்பது அதன் பொருள். ஆயினும், நம் இல்லங்களில் அச்சொல் வேறொரு வகையிலும் மெய்யாகி விடுகிறது. வளர்ப்பு நாயின் காதில் உண்ணி ஏறினால் எடுத்து விடுகிறோம். காலில் முள் தைத்தால் பிடுங்குகிறோம். மேனியில் சொறி கண்டால் மருந்து தடவுகிறோம். அதற்கு வாய் என்று ஒன்று இருப்பதை மட்டும் மறந்து விடுகிறோம். மாடு வாங்கச் செல்பவர் முதலில் மாட்டின் பல்லைத்தான் பிடித்துப் பார்ப்பார். தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று பழமொழியே வழங்குகிறது. பத்து ஆண்டுகள் வாசலில் காவல் கிடந்த நாயின் பல்லையோ பிடித்துப் பார்த்தவர் நம்மில் மிகச் சிலரே.

கால்நடை மருத்துவர்களைக் கேட்டால், வளர்ந்த நாய் பூனைகளிடம் மிகுதியாகக் காணப்படும் நோய் எதுவெனில் அது வாயில் உள்ள நோயே என்பர். மூன்று வயதைக் கடந்த நாய்களுள் பெரும்பாலானவற்றுக்கு ஈறு நோயின் அறிகுறி ஏதேனும் ஒன்று இருக்கும். நாமோ, "நாய் என்றால் வாய் நாறத்தான் செய்யும்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம். இஃது உண்மையன்று. நலமுள்ள நாயின் வாயிலும் நலமுள்ள பூனையின் வாயிலும் உண்ட உணவின் மணம் சிறிது இருக்கலாம். அழுகல் நாற்றம் இராது. நாற்றம் என்பது நாயின் இயல்பு அன்று. நோயின் முதல் அறிவிப்பு.

மாணவச் செல்வங்களே, முதலில் பற்களின் கணக்கைப் பார்ப்போம். நமக்குப் பால் பற்கள் 20. அவை விழுந்து முளைப்பவை 32. நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. வளர்ந்த நாய்க்கு 42. பூனைக்குட்டிக்கு 26, வளர்ந்த பூனைக்கு 30. நாய்க்குட்டி பிறக்கும்பொழுது பல்லின்றிப் பிறக்கிறது. ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் பால் பற்கள் முளைக்கத் தொடங்கும். நான்காம் மாதமளவில் அவை ஆடி விழத் தொடங்கி, ஏழாம் மாதத்திற்குள் நிலையான பற்கள் அனைத்தும் வந்துவிடும். அந்நாள்களில்தான் குட்டி உங்கள் காலணியையும் புத்தகப் பையையும் கடித்துக் குதறும். அதனை அடிக்க வேண்டா; முளைக்கும் பல்லின் தினவுதான் அது. விழுந்த பால் பற்களைத் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்கா. குட்டி அவற்றைச் சோற்றோடு விழுங்கிவிடும். ஆனால், சில நாய்களுக்கு, குறிப்பாகப் பொமரேனியன் போன்ற சிறிய இன நாய்களுக்கு, பழைய கோரைப்பல் விழாமலே புதிய கோரைப்பல் அதன் பக்கத்தில் முளைத்து நிற்கும். ஒரே இடத்தில் இரண்டு பற்கள் நெருங்கி நின்றால் இடையில் அழுக்குச் சேரும். ஏழு மாதம் ஆகியும் பால் பல் விழவில்லையெனில் மருத்துவரிடம் காட்டி எடுத்துவிடுதல் நலம்.

இவ்விலங்குகளின் பல் அமைப்பு நம்முடையதினின்றும் வேறானது. நாம் அரைத்து உண்பவர். அவை கிழித்தும் அறுத்தும் விழுங்குபவை. மேல் தாடையின் பக்கத்தில் உள்ள ஒரு பெரிய பல்லும் அதற்கு நேர்க் கீழே உள்ள பல்லும் கத்தரிக்கோலின் இரு அலகுகள் போல் ஒன்றன்மீது ஒன்று உரசி இறைச்சியை அறுக்கின்றன. நாய் எதையேனும் கடிக்கும்பொழுது தலையைச் சாய்த்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பெரிய பல்லால் கடிப்பதற்காகவே அவ்வாறு சாய்க்கிறது. இப்பல்லை மறவாதீர்கள், பின்னர் இதைப் பற்றி மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

நம் பிள்ளைகளின் பற்களை அரிக்கும் சொத்தை நாய்களுக்கு அரிதாகவே வரும். அவற்றின் பற்கள் கூம்பு வடிவில் இருப்பதால், உணவு தங்கும் பள்ளங்கள் குறைவு. உமிழ்நீரும் நம்முடையதைவிடக் காரத்தன்மை மிக்கது. பூனைக்கோ இனிப்பின் சுவையே தெரியாது. இனிப்பை உணர்த்தும் சுவையுறுப்பு ஒன்றினை ஆக்கும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடப்பதை 2005-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆகவே, பூனைக்குச் சீனிப்பால் ஊற்றும் பாப்பாவின் அன்பு, பூனையைப் பொறுத்தவரை வெறும் பாலாகவே போய்ச் சேருகிறது. சொத்தை அரிது என்பதனால் பல் நோயே இல்லை என்று எண்ணிவிடல் ஆகாது. இவ்விலங்குகளின் பகை பல்லின் மேல் இல்லை. பல்லும் ஈறும் கூடும் இடத்தில் இருக்கிறது.

அது நிகழும் முறை இது. உணவு உண்ட சில மணி நேரத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உமிழ்நீரோடு சேர்ந்து பல்லின்மீது வழவழப்பான ஒரு படலமாகப் படிகின்றன. காலையில் எழுந்ததும் நம் பல்லை நாவால் தடவினால் ஒரு பிசுபிசுப்புத் தெரிகிறதன்றோ, அதுவே அது. அந்நிலையில் அதனைத் துணியால் துடைத்தே அகற்றிவிடலாம். விட்டுவிட்டால், உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து இரண்டு மூன்று நாள்களிலேயே அதில் ஊறி இறுகத் தொடங்கும். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெண்டியின் உட்புறத்தில் வெள்ளையாய்ப் படிந்து கல்லாகும் காரையை அம்மாவிடம் கேட்டால் காட்டுவார். பல்லிலும் அவ்வாறே மஞ்சளும் பழுப்புமாகக் காரை கட்டுகிறது. அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் மேலும் படலம் படிகிறது, அதுவும் இறுகுகிறது. காரையான பின் எந்தப் பிரஷாலும் அதனைத் தேய்த்து எடுக்க முடியாது.

படலத்தில் உள்ள நுண்ணுயிர்கள் ஈற்றின் விளிம்பை உறுத்துகின்றன. ஈறு சிவந்து வீங்குகிறது. தொட்டால் இரத்தம் கசிகிறது. இந்நிலைவரை வந்த நோயைச் சுத்தம் செய்து முற்றிலும் மாற்றிவிட முடியும். இதனையும் கவனியாது விட்டால், ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே பை போன்ற பள்ளம் உண்டாகும். நுண்ணுயிர்கள் அதனுள் இறங்கிப் பல்லைத் தாங்கி நிற்கும் நார்களையும் எலும்பையும் கரைத்துவிடும். கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை. முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் இடையிலுள்ள இக்கோடுதான் இக்கட்டுரையில் மிக முக்கியமான செய்தி. ஈறு சிவந்திருக்கும்பொழுது நம் கையில் வேலை இருக்கிறது. எலும்பு கரைந்த பின் மருத்துவர் கையில்கூடச் சில வேளைகளில் பல்லைப் பிடுங்குவது ஒன்றே மிஞ்சுகிறது.

எலும்பு கரைவதால் வரும் தொல்லை பல் ஆடுவதோடு நிற்பதில்லை. மேல் கோரைப்பல்லின் வேருக்கும் மூக்குத் துளைக்கும் இடையில் இருப்பது மெல்லிய எலும்புத் தகடே. அது கரைந்தால் வாயிலிருந்து மூக்கிற்கு வழி உண்டாகும். நாய் ஓயாமல் தும்மும். ஒரு பக்கத்து மூக்கில் சீழ் ஒழுகும். சளி என்று நினைத்து நாம் மஞ்சள் புகை போட்டுக் கொண்டிருப்போம். சிறிய இன நாய்களுக்குக் கீழ்த்தாடை எலும்பு நொய்ந்து, சிறு அடி பட்டாலும் முறிந்துவிடுவதுண்டு. அஃதன்றி, புண்ணான ஈறு வழியாக நுண்ணுயிர்கள் இரத்தத்திலும் கலக்கின்றன. ஈறு நோய் முற்றிய நாய்களின் இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் மாறுதல்கள் மிகுதியாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இனி, முன்னர்ச் சொன்ன அந்தப் பெரிய பல்லைப் பற்றி. கடினமான பொருளைக் கடிக்கும்பொழுது முதலில் உடைவது அதுவே. வெளிப்புறத்தில் ஒரு சில்லுப் பெயர்ந்து, உள்ளே இருக்கும் உயிர்ச்சதை திறந்து கொள்ளும். அதன்வழி நுண்ணுயிர் புகுந்து வேரின் நுனியில் சீழ் கட்டும். அப்பல்லின் வேர் கண்ணுக்கு நேர்க் கீழே முடிவதால் வீக்கம் கன்னத்தில், கண்ணுக்கு அடியில் தோன்றும். சில நாளில் அது உடைந்து வடியும், ஆறினாற்போல் தெரியும், மறுபடி வீங்கும். வேறு நாய் கடித்ததென்றும், குளவி கொட்டியதென்றும், எவரோ கல்லெறிந்தாரென்றும் லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்வர். பச்சிலையும் மஞ்சளும் மாறி மாறிப் பூசப்படும். பூசும் இடம் வேறு, நோய் இருக்கும் இடம் வேறாகையால் மாதக்கணக்கில் பூசினும் பயன் இராது. நாயின் கண்ணுக்குக் கீழ் வந்து வந்து போகும் வீக்கத்தைக் கண்டால், உதட்டைத் தூக்கி அப்பக்கத்து மேற்பல்லைப் பாருங்கள்.

"பல் வலித்தால் சோறு தின்னுமா? எங்கள் நாய் தட்டை நக்கி வைத்துவிடுகிறதே!" என்று கேட்பவர் பலர். நமக்குப் பல் வலித்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பட்டினி கிடக்கிறோம். பள்ளிக்கும் மட்டம் போடுகிறோம். விலங்கு அவ்வாறு செய்வதில்லை. பசி வலியைவிடப் பெரியது. அன்றியும், தன் நலிவை வெளியே காட்டும் விலங்கு மற்ற விலங்குகளுக்கு எளிய இலக்காகிவிடும். ஆகவே வலியை மறைத்துக்கொள்வது அவற்றின் பிறவிக் குணம். வலி மெல்ல மெல்ல ஏறுவதால் அவையும் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. ஒரு பக்கமாகவே கடிக்கும். சோற்றை மெல்லாமல் விழுங்கும். எடுத்த உணவைக் கீழே போட்டு மீண்டும் எடுக்கும். பிஸ்கட்டை விட்டுக் குழம்புச் சோற்றை மட்டும் தேடும். பூனையாயின் உணவுத் தட்டருகே ஓடிவந்து, முகர்ந்து, சீறிவிட்டு விலகும். உடம்பை நக்கித் தூய்மை செய்வதை நிறுத்திவிடும். மயிர் சடை பிடிக்கும். முகத்தைக் காலால் தேய்த்தல், எச்சில் ஒழுகுதல், எச்சிலில் இரத்தம் காணுதல் ஆகியவை பிந்திய அறிகுறிகள். உண்ணாமலே விடுவது எல்லாவற்றிலும் கடைசி அறிகுறி.

இன்னொன்றையும் பெற்றோர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும். பல்லாண்டுகள் பிள்ளைகளோடு விளையாடிய நாய் திடீரென்று தலையைத் தொட்டால் உறுமுகிறது; ஒருநாள் கடித்தும் விடுகிறது. "கடிநாய்" என்று பெயர் சூட்டிச் சங்கிலியில் பிணைக்கிறோம். அல்லது தொலைவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோம். அக்குணமாற்றத்திற்கு வாய்வலியும் ஒரு காரணமாக இருக்கக் கூடும். நோவுள்ள பல்லை எடுத்த பின் பழைய குணத்திற்குத் திரும்பிய நாய்கள் உண்டு. ஒரு நாயின் வாழ்வும் ஒரு குழந்தையின் கையும் இதில் அடங்கியுள்ளன; ஆதலால், துரத்துமுன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவதே நியாயம்.

காட்டில் வாழும் நாய்க்கும் பூனைக்கும் எவர் பல் துலக்கினார் என்று வினவலாம். நல்ல வினாதான். இதற்கு விடையாகத் தென்னாப்பிரிக்காவுக்குத் தெற்கே, நெடுந்தொலைவில், குளிர்கடலின் நடுவே கிடக்கும் மேரியன் தீவைச் சொல்லலாம். 1940-களின் இறுதியில் எலிகளைப் பிடிப்பதற்காகச் சில பூனைகளை அங்குக் கொண்டுசென்றனர். அவை பெருகி ஆயிரக்கணக்கில் ஆயின. கடற்பறவைகளை வேட்டையாடி, இறகும் எலும்புமாகத் தின்று, மனிதர் கை படாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. பறவையினம் அழியும் நிலை வந்ததால் 1991-ஆம் ஆண்டளவில் அப்பூனைகள் முற்றாக ஒழிக்கப்பட்டன. அவற்றின் 300-க்கும் மேற்பட்ட மண்டையோடுகளை ஆராய்ந்து 1996-ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்ட முடிவின்படி, பாதிக்கும் மேற்பட்ட பூனைகளுக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருந்தது. காட்டு விலங்குக்குப் பல் நோய் வருவதில்லை என்பதன்று. வந்தால் பார்ப்பார் இல்லை என்பதே உண்மை. நம் வீட்டு விலங்குகளோ காட்டு விலங்குகளைவிட நெடுநாள் வாழ்கின்றன. பதினைந்து ஆண்டு வாழும் பூனைக்குப் பதினைந்து ஆண்டும் பல் வேண்டும்.

ஆகவே, எலும்பைப் போட்டால் பல் தூய்மையாகிவிடும் என்னும் நம்பிக்கையை ஆராய்ந்தே ஏற்க வேண்டும். வேகவைத்த கோழியெலும்பு ஊசி ஊசியாய் உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். ஆட்டின் தடித்த காலெலும்போ, நான் சொன்ன அந்தப் பெரிய பல்லையே பிளந்துவிடும். நாயின் பல்லின் மேலோடு நம்முடையதைவிட மெல்லியது என்பதை அறிந்தவர் குறைவு. தேங்காய்ச் சிரட்டை, கல், இரும்புச் சங்கிலி, கூண்டுக் கம்பி ஆகியவற்றைக் கடிக்கும் நாய்களுக்குக் கோரைப்பற்கள் தேய்ந்து முறிகின்றன. நாள் முழுதும் கட்டிக் கிடக்கும் நாய்தான் சங்கிலியைக் கடிக்கும்; அவிழ்த்து உலாவ விட்டால் அப்பழக்கம் குறையும். கடிக்கக் கொடுக்கும் பொருளைக் கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் சற்றும் பதியவில்லையெனில் அப்பொருள் பல்லுக்கு ஆகாது.

கடைகளில் விற்கும் உலர்ந்த தீனி பல்லைத் தூய்மை செய்யும் என்பதும் முழு உண்மையன்று. சாதாரண உலர்தீனி பல்லின் நுனி பட்டதும் உடைந்துவிடுகிறது. ஈற்றோரம்வரை அது செல்வதில்லை. பல் நலத்திற்கென்றே பெரிய துண்டுகளாய், எளிதில் உடையாத நாரமைப்போடு செய்யப்படும் தனித்தீனிகள் ஓரளவு பயன் தருகின்றன. விலை கூடுதல், நம் குடும்பங்களுக்கு அது கட்டாயம் என்று நான் கூறமாட்டேன். சோறும் மீனும் தின்னும் நாய்க்கும் நாள்தோறும் பல் துலக்கினால் போதும். மலிவான வழியே இங்குச் சிறந்த வழியாகவும் இருப்பது நமக்கு வாய்த்த நற்பேறு.

விடியுமுன்னே பால் வெட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் புறப்படும் தாய் தந்தையர்க்கு நாயின் பல்லைப் பார்க்க நேரமேது? இப்பணியை மாணவர்களே, மாலை வேளையில், பெரியவர் ஒருவரின் முன்னிலையில் மேற்கொள்ளலாம். தேவையானது குழந்தைகள் பயன்படுத்தும் மென்மையான பல் பிரஷ் ஒன்று. பூனைக்கு அதனினும் சிறியது வேண்டும். இல்லையேல் விரலில் சுற்றிய மெல்லிய பருத்தித் துணியே போதும். முதல் நாளிலேயே பிரஷை வாயில் திணித்தால் காரியம் கெட்டுவிடும். முதல் சில நாள்கள் கன்னத்தைத் தடவிக்கொடுத்து, உதட்டை ஒரு நொடி தூக்கிப் பார்த்து, புகழ்ந்து ஒரு சிறு துண்டு மீன் கொடுங்கள். அடுத்த சில நாள்கள் ஈரத்துணி சுற்றிய விரலால் கோரைப்பல்லை மட்டும் தேயுங்கள். உப்பும் வெங்காயமும் சேராத மீன் அவித்த நீரில் துணியை நனைத்தால் பூனையும் இணங்கிவரும். வெங்காயமும் பூண்டும் இரண்டு விலங்குகளுக்குமே நஞ்சு; ஆதலால் குழம்பில் நனைக்க வேண்டா. இரண்டு மூன்று வாரங்களில் பிரஷுக்கு வந்துவிடலாம்.

வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பது பலர்க்கும் வியப்பாக இருக்கும். வாய் மூடியிருக்க, உதட்டை மட்டும் தூக்கி, பற்களின் வெளிப்புறத்தைத் தேய்த்தால் போதும். உட்புறத்தை அவற்றின் சொரசொரப்பான நாக்கு ஓரளவு தூய்மை செய்துகொள்ளும். காரை மிகுதியாகக் கட்டுவது மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்திலேதான். உமிழ்நீர்ச் சுரப்பி அங்கேதான் திறக்கிறது. பிரஷைச் சற்றுச் சாய்த்து, ஈற்றோரத்தில் சிறு வட்டங்களாகச் சுழற்றுங்கள். பக்கத்திற்கு அரை நிமிடம் ஆகும். நாள்தோறும் செய்தல் வேண்டும். படலம் இரண்டு மூன்று நாளில் இறுகத் தொடங்கும் என்று மேலே கூறினேன் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் துலக்குவதால் பயனில்லை. நாய் உறுமினாலோ பூனை வாலை அடித்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். முன்பே ஈறு புண்ணாகியிருக்கும் விலங்குக்கு முதலில் மருத்துவம்; பிரஷ் பிறகுதான். முடிந்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நாம் பயன்படுத்தும் பற்பசையை அவற்றுக்கு இடல் ஆகாது. நாம் கொப்பளித்துத் துப்புகிறோம், அவை விழுங்கிவிடும். அதிலுள்ள ஃபுளோரைடும் நுரைக்கும் பொருளும் வயிற்றைக் கெடுக்கும். சில பற்பசைகளிலும் சீனியில்லா மெல்லும் மிட்டாய்களிலும் சைலிட்டால் என்னும் இனிப்புப் பொருள் உண்டு. நமக்குத் தீங்கற்ற அது, நாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே வீழ்த்திவிடும், கல்லீரலையும் அழிக்கும். உப்பும் கரியும் கலந்து தேய்ப்பதும் வேண்டா. விலங்குகளுக்கென விற்கும் பற்பசை கிடைத்தால் நன்று; இல்லையேல் வெறும் தண்ணீரே போதும், தேய்ப்புத்தான் வேலை செய்கிறது. நமக்குப் பல்வலி வந்தால் கைகொடுக்கும் கிராம்புத் தைலம் பூனைக்கு நஞ்சாகும். எல்லாவற்றினும் கொடியது, வலிக்கிறதே என்று இரங்கிப் பூனைக்குப் பனடோல் மாத்திரை கொடுப்பது. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதனைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இல்லை.

சிறுவர்க்கு ஓர் எச்சரிக்கை. இங்குக் கூறியவை யாவும் உங்கள் வீட்டில் பழகிய, தடுப்பூசி போடப்பட்ட விலங்குக்கு மட்டுமே. எச்சில் ஒழுகுவதும் வாயை மூட முடியாமல் தவிப்பதும் வெறிநாய்க்கடி நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அந்நோய் 2015-ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் தலைகாட்டியது. 2017 முதல் சரவாக்கில் பலரின் உயிரைக் குடித்தது. அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத நோய் அது. தெருநாய் எதுவும் எச்சில் ஒழுகத் தள்ளாடி வந்தால் இரக்கப்பட்டு வாயைப் பார்க்கப் போகாதீர்கள், பெரியவரிடம் சொல்லுங்கள். கடித்துவிட்டாலோ, புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

காரை கட்டிவிட்ட பல்லை மருத்துவரே தூய்மை செய்தல் வேண்டும். அதற்கு மயக்க மருந்து கொடுப்பார் என்றதும் பலர் அஞ்சிப் பின்வாங்குகின்றனர். அவ்வச்சம் இயல்பே. ஆனால், கண்ணுக்குத் தெரியும் காரையைச் சுரண்டுவது மருத்துவம் அன்று. நோய் ஈற்றுக்கு அடியில் இருக்கிறது. விழித்திருக்கும் நாய் அங்குக் கருவியை நுழைய விடாது. கோரைப்பல்லின் பெரும்பகுதி வேராக எலும்பினுள் மறைந்திருப்பதால் எக்ஸ்ரே படம் எடுத்தால்தான் நிலைமை தெரியும். மயக்கத்திற்கு முன் இரத்தத்தையும் இதயத்தையும் சோதித்துக்கொள்வர். நகத்தாலோ கத்தி முனையாலோ வீட்டில் காரையைப் பெயர்ப்பவர்களும் உளர். பல்லின் மேலோட்டில் கீறல் விழுந்து காரை முன்னிலும் விரைவாகக் கட்டும் என்பதே அதன் பலன்.

இச்சிகிச்சைக்குச் செலவு ஆகும் என்பதை மறைப்பதற்கில்லை. பற்கள் பல எடுக்க வேண்டியிருந்தால் செலவு மேலும் ஏறும். மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகத்தில் முதலில் விசாரிக்கலாம். செர்டாங்கில், புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் பொதுமக்களின் வளர்ப்பு விலங்குகளுக்கு மருத்துவம் செய்கிறது. வளர்ப்பவர் தம் விலங்கை வலியினின்றும் நோயினின்றும் காத்தல் வேண்டும் என்பது நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் கடமையாகவே கூறப்பட்டுள்ளது. ஆண்டுக்கொருமுறை தடுப்பூசிக்குக் கொண்டுசெல்லும்பொழுதே, "வாயையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், டாக்டர்" என்று கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

பூனைகளிடம் காணப்படும் இரண்டு நோய்களையும் குறிப்பிட வேண்டும். ஒன்று, பல் தானே கரைதல். ஈற்றோரத்தில் சிவந்த சதை பல்லின்மேல் ஏறியதுபோல் தோன்றும். தொட்டால் பூனையின் தாடை நடுங்கும். இதற்கான காரணம் துலங்காததால் பிரஷால் தடுக்கவும் இயலாது. பல்லை எடுப்பதே தீர்வு. மற்றொன்று, வாய் முழுதும், தொண்டைவரை, நெருப்புப்போல் சிவந்து புண்ணாதல். தன் பற்களின்மேல் படியும் படலத்தையே பகையாகக் கருதிப் பூனையின் உடல் போரிடுவதுபோன்ற நிலை அது. மருந்தால் அடங்காதபொழுது கடைவாய்ப் பற்களை எல்லாம் எடுத்துவிடுகின்றனர். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். ஆயினும், பெரும்பாலான பூனைகள் அதன்பின் நலமடைகின்றன.

பல்லில்லாத பூனை எப்படி உண்ணும் என்று பாட்டிமார் கவலைப்படுவர். மசித்த மீனும் ஊறவைத்த தீனியும் தாராளமாக உண்ணும். ஈறு ஆறிய பின் உலர்தீனியைக்கூட நாவால் அள்ளி அப்படியே விழுங்கும் பூனைகள் பல. எலி பிடிப்பது குறையலாம். மற்றபடி, நெடுநாளாய் விட்டிருந்த உடம்பு நக்கும் வழக்கத்தை மீண்டும் தொடங்கும். சில வாரங்களில் மயிர் பளபளக்கும். மடியில் வந்து படுத்துக் கன்னத்தைக் கையில் தேய்க்கும்.